எடைக்குப் போகிற காகிதத்தில் எதை எடுத்து வைப்பது

பழம்பொருள் சேர்க்கிறேன் என்று யாராவது சொன்னால் உடனே பித்தளை அண்டா, கிராமபோன், பர்மா தேக்கு ஊஞ்சல் என்றுதான் நினைப்பு போகும். அதற்கெல்லாம் இடம் வேண்டும், காசு வேண்டும், வீட்டில் இருப்பவர்களுக்குப் பொறுமையும் வேண்டும். நான் சொல்லப்போவது காகிதம். சினிமாப் பாட்டுப் புத்தகம், தீப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை நோட்டீஸ், மளிகைக்கடை பில், நாடக விளம்பரம், பஸ் டிக்கெட். இவற்றையெல்லாம் அன்றைக்குப் பார்த்துவிட்டு அன்றைக்கே தூக்கிப் போடத்தான் அச்சடித்தார்கள். அதனாலேயே ஆயிரம் அடித்ததில் ஒன்று இன்றைக்குக் கிடைத்தாலும் பெரிய விஷயம்.

நான் மதுரையில் புத்தக பைண்டிங் தொழில் செய்கிறவன். பழைய பைண்டிங்கைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்போது, முதுகுப் பக்கம் வலுவுக்காக ஒட்டிய காகிதம் உரிந்து வரும். அந்தக் காலத்து பைண்டர் கைக்குக் கிடைத்த வேஸ்ட் பேப்பரைத்தான் ஒட்டியிருப்பார். அதில் பாதி நாடக நோட்டீஸ் இருக்கும், பஞ்சாங்கத்தின் ஒரு பக்கம் இருக்கும், மருந்து விளம்பரம் இருக்கும். எனக்கு இந்தப் பழக்கம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. உங்களுக்கு வேறு வழியில் வந்திருக்கலாம். எப்படி வந்தாலும் முதலில் செய்யவேண்டிய காரியம் ஒன்றுதான்: வேலி போடுவது.

எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள்

பழையது என்பதற்காகவே எடுத்துவந்தால் ஒரு வருஷத்தில் வீடு பழைய பேப்பர் கடை ஆகிவிடும். ஒரு ஊர், ஒரு தொழில், ஒரு வகைப் பொருள் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் இருந்த டாக்கீஸ்களின் நோட்டீஸ் மட்டும். சித்த வைத்தியசாலைகளின் விலைப்பட்டியல் மட்டும். யானை படம் போட்ட தீப்பெட்டி லேபிள் மட்டும் என்றாலும் சரி, ஆயுசுக்கும் தேடலாம்.

என் வேலி அச்சகம். மதுரை, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்து அச்சகங்களில் அச்சான துண்டுக் காகிதம் எதுவானாலும் எடுப்பேன், மற்றதைத் தொடமாட்டேன். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். அச்சடித்தவர் பெயரையும் ஊரையும் போடவேண்டும் என்று 1867-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுவிட்டான். அதனால் பழைய நோட்டீஸின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். எல்லோரும் மேலே உள்ள படத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் எப்போதும் கடைசி வரியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். சின்ன ஊரில் காலால் மிதித்து ஓட்டுகிற ஒரே ஒரு டிரெடில் அச்சு மிஷின் வைத்துக்கொண்டு கோயில் கொடைக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் நோட்டீஸ் அடித்த ஜாப் பிரஸ்ஸின் பெயர் அந்த ஒரு வரியில் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

எங்கே தேடுவது

சென்னையில் மூர் மார்க்கெட் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1985 தீ விபத்தோடு அந்தக் கட்டடம் போய்விட்டது. கடைக்காரர்கள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதை, கோயம்புத்தூர் உக்கடம் பழைய புத்தகக் கடைகள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு எல்லாம் தெரிந்த இடங்கள்தான். ஒரு நடை போய்ப் பாருங்கள், கண் பழகும், விலை தெரியும். ஆனால் அங்கே வருவதெல்லாம் ஏற்கெனவே ஒருவர் பார்த்துப் பொறுக்கி விலை வைத்தது. காரைக்குடிக் கடைகளில் ஸ்வீடன் எனாமல் பாத்திரத்துக்கும் ரவி வர்மா படத்துக்கும்தான் மரியாதை. அதே செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்த ரங்கூன் வட்டிக்கடைக் கடிதக் கட்டு மூலையில் கிடக்கும். காகிதக்காரனுக்கு அந்த மூலைதான் கடை.

உண்மையான சுரங்கம் உங்கள் தெருவிலேயே இருக்கும் பழைய பேப்பர் கடை. கடைக்காரரோடு பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் போகும் கடையில் பேச்சு இப்படித்தான் நடக்கும்.

"என்ன அண்ணாச்சி, நோட்டு கீட்டு ஏதும் வந்துச்சா?"

"மேலமாசி வீதியில ஒரு வீடு இடிக்கிறாங்க. ரெண்டு மூட்டை வந்திருக்கு. பிரிச்சா நீங்களேதான் திரும்பக் கட்டி வைக்கணும், ஆமா."

அவ்வளவுதான் ஒப்பந்தம். மூட்டையைப் பிரித்தால் திரும்பக் கட்டி வையுங்கள். அவர் எடைக்கு வாங்கிய விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு பேசாமல் கொடுத்துவிடுங்கள். அந்த எடைக்கு அது சின்னத் தொகைதான். அடுத்த முறை அவரே எடுத்து வைத்திருப்பார். அதே சமயம் ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்துவிட்டு அவர் எதிரில் ஆகா ஓகோ என்று குதிக்கவும் வேண்டாம். மறுநாளே எல்லாக் காகிதமும் தங்கம் ஆகிவிடும்.

எந்த நாளில் போவது என்பதும் முக்கியம். போகிக்கு முந்தைய வாரமும் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரமும் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். வீடும் கடையும் ஒழித்துக் கட்டுகிற நேரம் அதுதான். அப்புறம், மூடுகிற அச்சகங்கள். ஆப்செட் வந்தபின் டிரெடில்கள் இரும்பு விலைக்குப் போயின. ஒவ்வொரு வேலையிலும் ஒரு பிரதியைக் கம்பியில் குத்தி வைக்கும் வழக்கம் பல அச்சகங்களில் இருந்தது. அப்படி ஒரு கம்பி முழுசாகக் கிடைத்தால் ஒரு ஊரின் கல்யாணம், கருமாதி, கடைத் திறப்பு எல்லாம் வரிசையாகக் கைக்கு வந்த மாதிரி. அதைக் கம்பியிலிருந்து உருவுவதற்கு முன் அதே வரிசையில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை கலைந்துபோனால் தேதியில்லாத காகிதத்துக்குத் தேதி சொல்ல ஆளில்லாமல் போகும்.

வீடுகளுக்குப் போகும்போது வேறு நடைமுறை. வாசலில் நின்று "பழைய சாமான் இருக்கா" என்று கேட்டால் பித்தளை வியாபாரி என்று நினைத்துத் துரத்துவார்கள். தெரிந்தவர் மூலமாகப் போங்கள். வீட்டில் பெரியவர் யார் என்று பார்த்து அவரிடம் பேசுங்கள். செட்டிநாட்டு வீடாக இருந்தால் ஆச்சியிடம்தான். "ஆச்சி, உங்க கல்யாணப் பத்திரிகை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மத்தியானம் முழுக்கப் பேசுவார். பத்திரிகையைக் கொடுக்காவிட்டாலும் போட்டோ எடுக்க விடுவார். கட்டுக்குள் பத்திரம், பட்டா, ஜாதகம், குடும்பப் போட்டோ இருந்தால் அவர்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதியைப் பற்றிப் பேசுங்கள். வெளியூரில் இருக்கும் மகன் பிறகு போன் போட்டுச் சண்டைக்கு வரும்படி வைத்துக்கொள்ளக் கூடாது.

தேதி இல்லாத காகிதத்துக்குத் தேதி சொல்வது

இந்தப் பழக்கத்தில் எனக்குப் பிடித்த வேலை இதுதான். நோட்டீஸ் அடித்தவர்கள் கிழமையைப் போடுவார்கள், வருஷத்தைப் போடமாட்டார்கள். அவர்களுக்குத் தெரியும்தானே, எதற்குப் போடவேண்டும்?

என்னிடம் விருதுநகர் சோடா கம்பெனி ஒன்றின் விலைப்பட்டியல் இருக்கிறது. கையகல ரோஸ் கலர் காகிதம், ஒரு பக்கம் மட்டும் அச்சு. தேதி கிடையாது. ஆனால் சோடா 6 ந.பை., கலர் 12 ந.பை., ஜிஞ்சர் 19 ந.பை. என்று போட்டிருக்கிறது. ந.பை. என்றால் நயா பைசா. 1957 ஏப்ரல் 1-இல் வந்தது, 1964 ஜூன் 1-இல் 'நயா' போய் வெறும் பைசா ஆனது. ஏழு வருஷத்துக்குள் கொண்டுவந்துவிட்டோம். இன்னும் நெருங்கலாம். 6, 12, 19 என்பது என்ன கணக்கு? ஒரு ரூபாய்க்கு 16 அணா, 100 நயா பைசா. மாற்று அட்டவணைப்படி 1 அணாவுக்கு 6, 2 அணாவுக்கு 12, 3 அணாவுக்கு 19. அதாவது அணாவில் இருந்த விலையை அப்படியே புதுக் காசில் போட்டிருக்கிறார்கள். புதிதாக விலை வைத்திருந்தால் 5, 10, 20 என்று போட்டிருப்பார்கள். ஆகவே காசு மாறிய ஒன்றிரண்டு வருஷத்துக்குள், 1957 அல்லது 58 என்று பென்சிலில் எழுதி ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். கேள்விக்குறியை எடுக்க இன்னும் சாட்சி வேண்டும்.

இப்படிப் பிடிக்க வேறு கொக்கிகளும் உண்டு. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. மதராஸ் ராஜ்யம், சென்னை ராஜ்யம் என்றிருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரிக்கு முன்பு, ஏனென்றால் அப்போதுதான் தமிழ்நாடு என்ற பெயர் அதிகாரபூர்வமாக வந்தது. இன்லண்ட் லெட்டர் என்றால் 1950-க்கு முன்னால் போகவே முடியாது. தபால் கார்டில் ராஜா தலை இருந்தால் யார் தலை என்று பாருங்கள்: 1910 வரை ஏழாம் எட்வர்ட், 1936 வரை ஐந்தாம் ஜார்ஜ், அப்புறம் ஆறாம் ஜார்ஜ். ஒரு எச்சரிக்கை. ராஜா செத்த மறுநாளே பழைய கார்டைக் கிழித்துப் போடமாட்டார்கள். இருப்பு தீரும் வரை ஓடும். இந்த அடையாளங்களில் 'இதற்கு முன்னால் இருக்க முடியாது' என்பது உறுதி, 'இதற்குப் பின்னால் இருக்காது' என்பது ஊகம்.

எழுத்தும் ஒரு சாட்சி. ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி மேலே சுழித்த பழைய வடிவில் இருக்கிறதா, இப்போது நாம் எழுதுகிற வடிவில் இருக்கிறதா? 1978-இல் அரசாணை போட்டு மாற்றினார்கள். ஆனால் ஈய எழுத்து வாங்கி வைத்திருந்த சின்ன அச்சகக்காரர் அரசாணை வந்தது என்று எழுத்தை உருக்கிவிடுவாரா? அதற்குப் பிறகும் பல வருஷம் பழைய எழுத்திலேயே அடித்தார்கள். எதிர்ப் பக்கமும் ஒரு விலக்கு உண்டு. பெரியார் 1935-லிருந்தே தன் குடி அரசு பத்திரிகையில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தினார். எனவே சுயமரியாதை இயக்கத்துக் கல்யாண அழைப்பில் புது 'லை'யைப் பார்த்துவிட்டு, 'இது போலி, 1980-க்குப் பிறகு அடித்தது' என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கல்யாணப் பத்திரிகையில் தமிழ் வருஷம் இருக்கும். விகாரி வருஷம் ஆவணி மாதம் என்றால் 1959, இல்லையென்றால் 1899, இல்லையென்றால் 2019. அறுபது வருஷச் சக்கரம். மூன்றில் எது என்று காகிதமும் அச்சுமே சொல்லிவிடும். சந்தேகம் இருந்தால் தேதியையும் கிழமையையும் நட்சத்திரத்தையும் பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாருங்கள். மூன்றும் சேர்ந்து பொருந்துவது ஒரு வருஷத்துக்குத்தான்.

பாட்டுப் புத்தகத்தில் மட்டும் கவனம் வேண்டும். படம் வந்த வருஷம் வேறு, புத்தகம் அச்சான வருஷம் வேறு. ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி பார்த்த படம். அப்படி ஓடுகிற படத்துக்கும், பிறகு மறுபடி டூரிங் டாக்கீஸுக்கு வருகிற படத்துக்கும் வெவ்வேறு ஊரில் வெவ்வேறு பேர் பாட்டுப் புத்தகம் அடித்து விற்பார்கள். கதைச் சுருக்கத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, முக்கியமான இடத்தில் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நிறுத்தியிருப்பார்களே, அந்தப் பக்கத்தின் அடியையும் பின் அட்டையையும் பாருங்கள். விலையும் அச்சகமும் அங்கேதான் இருக்கும். பின் அட்டை போன புத்தகத்துக்கு நான் பாதி விலைதான் கொடுப்பேன்.

போலியைப் பிடிக்க மூன்று சாமான்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, கள்ள நோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச் ஒன்று, அப்புறம் உங்கள் விரல் நுனி. வேறு எதுவும் தேவையில்லை.

ரவி வர்மா அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கியது. அந்தக் காலத்து ஓலியோகிராப் படங்கள் கல்லில் வரைந்து ஒவ்வொரு நிறமாக அடித்தவை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நிறப் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கையால் தெளித்த மாதிரி தெரியும். இன்று கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து ஆப்செட்டில் அடித்து, பழைய பிரேமுக்குள் போட்டு விற்கிறார்கள். அதில் நான்கு நிறப் புள்ளிகள் வரிசை தப்பாமல், சின்னச் சின்ன வட்டமாக நிற்கும். பிரேமுக்கு நூறு வயசு இருக்கும், படத்துக்குப் பத்து வயசு. கண்ணாடியைக் கழற்றாமல் விலை பேசாதீர்கள். கழற்ற மாட்டேன் என்கிற கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

லெட்டர்பிரஸ் நோட்டீஸைத் திருப்பிப் போட்டு விரலால் தடவுங்கள். ஈய எழுத்து அழுத்திய தடம் பின்பக்கம் மேடாகத் தட்டுப்படும். ஜெராக்ஸிலும் ஆப்செட்டிலும் வழவழவென்று இருக்கும். டார்ச் எதற்கு என்றால், காகிதத்தை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம் 1950 வாக்கில்தான் காகிதத்துக்குள் வந்தது. இருட்டில் வெளிச்சம் அடித்தால் அந்தக் காகிதம் நீல வெள்ளையாக ஒளிரும். 1930 என்று சொல்லி விற்கிற லேபிள் அப்படி ஒளிர்ந்தால் பேச்சே வேண்டாம். ஒளிரவில்லை என்பதால் மட்டும் பழையது என்று முடிவு கட்டவும் கூடாது, மட்டமான புதுக் காகிதமும் ஒளிராது.

டீ டிகாஷனில் முக்கி எடுத்த காகிதம் ஒரே சீராகப் பழுப்பாக இருக்கும். தானாகப் பழுத்த காகிதம் காற்றுப் பட்ட ஓரத்திலிருந்து உள்ளே பழுக்கும், நடு கொஞ்சம் வெளுப்பாக நிற்கும். மடிப்பைப் பிரித்து உள்பக்கம் பாருங்கள், தெரிந்துவிடும்.

தீப்பெட்டி லேபிள்

தெற்கத்திக்காரன் இதைச் சொல்லாமல் போகமுடியாது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே தொடங்கினார்கள். அதற்கு முன் நம் ஊர் அடுப்பைப் பற்றவைத்தவை பெரும்பாலும் ஸ்வீடன், ஜப்பான் பெட்டிகள். அதனால் நம் ஊர் பழைய லேபிளில் புலியும் மயிலும் இருந்தாலும் மூலையில் ஸ்வீடன் என்றோ ஜப்பான் என்றோ இருந்தால் ஆச்சரியப்படவேண்டாம்.

மரச்சீவல் பெட்டியில் ஒட்டிய லேபிளைக் கத்தியால் சுரண்டக் கூடாது. முதலில் ஈரப் பஞ்சின் நுனியால் ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். சிவப்பு மை கசிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், பெட்டியோடு வைத்துக்கொள்ளலாம். கசியாவிட்டால் தட்டையான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, லேபிள் மேலே பார்க்கும்படி பெட்டியை மிதக்கவிடுங்கள். அந்தக் காலத்துப் பசை மாவுப் பசைதான், கால் மணி, அரை மணியில் தானாக நழுவும். விரலால் இழுக்காமல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை அடியில் கொடுத்து எடுங்கள். முகம் மேலே இருக்க வெள்ளை வேட்டித் துணியில் வைத்து, பாதி காய்ந்ததும் மேலே இன்னொரு துணி, அதற்கு மேல் கனமான புத்தகம். வெயிலில் வைத்தால் சுருண்டுவிடும்.

வரி கட்டியதற்கு ஒட்டிய பேண்ட்ரோல் காகிதம் கிழியாமல் இருக்கும் முழுப் பெட்டி கிடைத்தால் தண்ணீரைப் பற்றி நினைக்கவே நினைக்காதீர்கள். அதை உரிப்பது பாவம்.

அச்சகத்திலிருந்து பெட்டியில் ஒட்டாமலே வந்த லேபிள் கட்டுகளும் விற்பனைக்கு வரும். பளபளவென்று இருக்கும். தப்பில்லை, ஆனால் அதைத் தனியாக வையுங்கள். கடைக்குப் போய், சட்டைப் பையில் இருந்து, ஈரம் பட்டுத் திரும்பிய லேபிளுக்கு நான் ஒரு படி மேலே இடம் கொடுப்பேன். மற்றவர்கள் இதில் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

காப்பாற்றுவது

இனி பைண்டராகப் பேசுகிறேன். கிடைத்ததை ஒட்டவேண்டும், லேமினேட் செய்யவேண்டும் என்று கை துறுதுறுக்கும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். செல்லோடேப் ஒட்டினால் பத்துப் பதினைந்து வருஷத்தில் டேப் காய்ந்து விழும், அதன் பசை மட்டும் மஞ்சளாகக் காகிதத்துக்குள் இறங்கியிருக்கும். அதை எடுக்க முடியாது. லேமினேஷன் அதைவிட மோசம், சூடு வைத்துப் பிளாஸ்டிக்கைக் காகிதத்தோடு உருக்கிவிடுகிறோம். பிளாஸ்டிக் தாளைத் தூக்கினால் ஒட்டிக்கொள்கிற அந்தப் போட்டோ ஆல்பமும் வேண்டாம்.

நாங்கள் பைண்டிங்குக்குக் காய்ச்சுகிற மைதா பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவோம். கணக்குப் பேரேட்டுக்கு அது சரி. பழைய காகிதத்துக்கு ஆகாது, துத்தத்தில் இருக்கும் செம்பு காகிதத்தை உள்ளிருந்து நொறுக்கும். கிழிசலை ஒட்டியே ஆகவேண்டும் என்றால் துத்தம் போடாத கோதுமை ஸ்டார்ச் பசை, மெல்லிய ஜப்பான் டிஷ்யூ காகிதம், பின்பக்கம் மட்டும். பசையைத் தண்ணீராகக் கரைத்து, பிரஷ் நுனியில் தொட்டதும் தெரியாத அளவுக்கு. தேவைப்பட்டால் பிறகு ஈரம் காட்டி எடுத்துவிடலாம் என்பதுதான் இதன் விசேஷம்.

குண்டூசி, ஜெம் கிளிப், ஸ்டேப்பிள் எல்லாவற்றையும் முதல் நாளே எடுத்துவிடுங்கள். துருப் பிடித்த ஊசியை இழுத்தால் காகிதமும் வரும். ஊசியின் இரண்டு பக்கமும் சின்னப் பிளாஸ்டிக் துண்டைச் செருகி, மெதுவாக நிமிர்த்தி எடுக்கவேண்டும்.

உறைகளுக்குப் பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியஸ்டர் கேட்டு வாங்குங்கள். புது ரெயின்கோட் வாசனை அடித்தால் அது பிவிசி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாட்டுப் புத்தகம் மாதிரி மட்டக் காகிதத்தில் அச்சானவற்றைத் தனித்தனி உறையில் வையுங்கள். மரக்கூழில் செய்த நியூஸ் பிரிண்ட் தன்னிடம் இருக்கும் அமிலத்தால் தானும் பழுத்து, ஒட்டி இருக்கும் நல்ல காகிதத்தையும் பழுக்க வைக்கும்.

இரும்பு பீரோ நல்லது. ஆனால் சுவரை ஒட்டி வைக்காமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள், அடித்தட்டைக் காலியாக விடுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம். சித்திரை வெயிலில் அந்த அறை அடுப்பு. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒரு காய்ந்த நாளாகப் பார்த்து எல்லாவற்றையும் எடுத்து நிழலில் பரப்பி ஒரு முறை பார்த்துவிடுங்கள். இராமபாணப் பூச்சி ஈரத்துக்கும் பசைக்கும்தான் வரும். ஈரம் இல்லாவிட்டால் பாதித் தொல்லை இல்லை. வசம்பைத் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்று போடுவது என் வழக்கம். அந்துருண்டை வேண்டாம், உறைக்கும் ஆகாது, உங்கள் மூச்சுக்கும் ஆகாது. எடைக் கடையிலிருந்து வந்ததை நேராக பீரோவில் வைக்காதீர்கள். பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, இரண்டு வாரம் பிரீசரில் போட்டு, எடுத்தபின் பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே வைத்து அப்புறம் பிரியுங்கள். பூச்சியும் முட்டையும் செத்துவிடும். பிரீசரில் மீன் இருந்தால் அது வேறு பிரச்சினை.

சட்டம், சுருக்கமாக

1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருள், எழுபத்தைந்து வருஷம் தாண்டிய வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணம் எல்லாம் தொல்பொருள் கணக்கில் வரும். தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். காகிதம் சேர்க்கிறவர்களுக்கு இது பெரும்பாலும் குறுக்கே வராது. ஆனால் மூட்டைக்குள் ஓலைச்சுவடி வரலாம். வந்தால் எண்ணெய் தடவி விளையாடாமல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தைக் கேளுங்கள். கல் சிலை, உலோகச் சிலை, யானைத் தந்தம் என்று யாராவது காட்டினால் கையில் வாங்கிக்கூடப் பார்க்காதீர்கள். எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் சரி.

நோட்டுப் புத்தகம்

வாங்கி வந்த அன்றைக்கே ஒரு எண் கொடுத்து, காகிதத்தின் பின்பக்கம் மூலையில் 2பி பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா, ஸ்டிக்கர் கூடாது. அதே எண்ணில் நோட்டில் ஒரு பதிவு: எங்கே கிடைத்தது, எதோடு சேர்ந்து கிடைத்தது, யார் என்ன சொன்னார்கள், என்ன கொடுத்தீர்கள். சோடா விலைப்பட்டியல் பதிவில் நான் எழுதியிருப்பது: 'பலசரக்குக் கடைப் பேரேட்டின் உள்ளே, மடித்து. பேரேட்டில் கடைசிப் பதிவு 1958 மாசி. கடைக்காரர் பேரன் சொன்னது: தாத்தா கலர் ஏஜென்சி எடுத்திருந்தார்.' விலைப்பட்டியலை மட்டும் உருவிக்கொண்டு பேரேட்டை எடைக்குத் தள்ளியிருந்தால் அந்த 1958 என்ற சாட்சி போயிருக்கும். எதோடு சேர்ந்து வந்தது என்பதைத்தான் பலரும் எழுதாமல் விடுகிறார்கள். விலையை மட்டும் மறக்காமல் எழுதுவார்கள்.

கோட்டையூரில் சைன்போர்டு எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு கூடவே அழைப்பிதழ், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று இதே மாதிரிக் காகிதங்களையும் சேர்த்தவர். 1992-இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை வைத்துத்தான் 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இப்போது தரமணியில் இருக்கிறது. சேர்க்கத் தொடங்கும்முன் ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து, ஒரு துண்டு நோட்டீஸை எப்படி அட்டவணைப்படுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் நோட்டில் என்னென்ன கட்டம் போடவேண்டும் என்பது தானாகப் புரியும்.

இன்னொரு காரியம் பாக்கி. பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு தாளில், உள்ளே இருப்பது என்ன, நோட்டு எங்கே இருக்கிறது, நமக்குப் பிறகு யாரைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும் என்று எழுதி ஒட்டி வையுங்கள். நான் எழுதியதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரம்மா கேட்டது, "அவங்க வரலேன்னா எடைக்குப் போடலாமா?" அதற்கும் ஒரு வரி சேர்த்தேன்: இன்னொரு நூலகத்தின் பெயரும் போன் நம்பரும்.